கட்டத்துக்குள் இருந்த எண்

நான் எழுதிய முதல் நிரல் சமையல் சிலிண்டரைப் பற்றியது. எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் நாற்பது நாள் வருகிறது என்பது என் கணக்கு. ஒன்றரை மாதம் வருகிறது என்பது என் மனைவியின் கணக்கு. தண்டையார்பேட்டைக்குக் குடிவந்த நாளிலிருந்து நடக்கும் வழக்கு இது. தீர்ப்புச் சொல்லத் தேவையான சாட்சி என்னிடமே இருந்தது. சிலிண்டர் மாட்டிய தேதி, தீர்ந்த தேதி இரண்டையும் நாட்குறிப்பில் எழுதிவைப்பேன். இருபத்திரண்டு நாட்குறிப்புகள் பீரோவின் கீழ்த்தட்டில் வருட வாரியாக இருக்கின்றன. எழுந்த நேரம், காற்றின் திசை, தண்ணீர் வந்ததா இல்லையா, எத்தனை மணிக்கு டோல்கேட் நிறுத்தத்தில் வண்டி கிடைத்தது, இவ்வளவுதான் அவற்றில் இருக்கும். படிக்கிறவர்களுக்குச் சுவை இராது.

மகள் வேலைக்காகக் கோயம்புத்தூர் போனபோது, பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். பாட்டரி நிற்காது, எப்போதும் பிளக்கில் செருகியே இருக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல் மொழியைத் தமிழில் சொல்லித்தரும் பாடங்கள் கைபேசியில் இலவசமாகக் கிடைத்தன. முதல் பாடத்தில் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மொழியைக் கற்க வேண்டும் என்று உட்காராதீர்கள், வீட்டில் இருக்கும் ஒரு சின்னத் தொல்லையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள் என்றார்கள். நான் சிலிண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காலை ஐந்து மணி முதல் ஆறே கால் வரை என் பாட நேரம். முதல் வாரம் முழுக்கச் சிவப்பு எழுத்துகள்தான் வந்தன. வரியின் முடிவில் இரட்டைப்புள்ளி விட்டுப்போனால் திட்டியது. ஓர் இடைவெளி கூடினால் திட்டியது. எனக்கு அது கஷ்டமாக இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கோடு போட்டு எழுதுகிறவனுக்கு, கோடு தாண்டினால் திட்டுகிற ஒரு வாத்தியார் கிடைத்தது ஒருவகையில் சந்தோஷமாகவே இருந்தது. எட்டாம் நாள் திட்டு நின்று விடை வந்தது. மைனஸ் இருநூற்றுப் பத்தொன்பது நாள்.

மனைவி காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா சொல்லுது உங்க மிஷினு?"

"சிலிண்டர் மாட்டறதுக்கு இருநூத்திப் பத்தொம்போது நாள் முன்னாடியே தீந்துடுச்சாம்."

"அப்ப இத்தினி நாளா நான் எதுல சமைச்சேன்? உங்க நோட்டுலயா?"

நான் 12/3 என்று எழுதியிருந்த மார்ச் பன்னிரண்டை இயந்திரம் டிசம்பர் மூன்று என்று படித்திருந்தது. அதற்கு மாதம்தான் முன்னால் வர வேண்டும். நான் எழுதிய முறையில் தப்பில்லை, அது படித்த முறையிலும் தப்பில்லை. எதை எப்படிப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. ஒரு வரியைச் சேர்த்தேன். நாற்பத்தேழு என்று வந்தது. எல்லாச் சிலிண்டர்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தபோது நாற்பத்தாறு. மனைவி காபியை என் முன் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். வழக்கில் ஜெயித்தவர்கள் அப்படித்தான் போவார்கள்.

அதற்குப் பிறகு தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள்களுக்கு ஒரு நிரல், எத்தனை மணிக்குக் கிளம்பினால் சாலையில் ட்ரெய்லர் லாரிகளின் வரிசையில் மாட்டாமல் போகலாம் என்பதற்கு ஒன்று. எல்லாம் பத்துப் பதினைந்து வரிகள்தான். வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர் மூலமாகத்தான் இதை எழுதும்படி ஆயிற்று.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் உள்ள ஒரு கண்டெய்னர் யார்டில் நான் கேட் கிளார்க். துறைமுகத்திலிருந்து ட்ரெய்லரில் வரும் பெட்டிகள் எங்களிடம் சில நாள் தங்கி, உரியவர்கள் வந்து கேட்கும்போது வெளியே போகும். ஒவ்வொரு பெட்டியின் மீதும் ஓர் எண் எழுதியிருக்கும். நான்கு ஆங்கில எழுத்து, ஆறு எண், கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இன்னோர் எண். ட்ரெய்லர் கேட்டில் நின்றதும் நான் அந்த எண்ணைப் பார்த்து என் பாக்கெட் நோட்டில் எழுதுவேன். பிறகு கேட் அறையின் சன்னலுக்குப் போய் நோட்டைப் பார்த்துப் படிப்பேன். உள்ளே இருக்கும் பெண் அதைக் கணினியில் ஏற்றுவார். எந்த வரிசையில், எத்தனாவது அடுக்கில் பெட்டியை வைப்பது என்று கணினி ஓர் இடம் சொல்லும். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஸ்டாக்கர் வண்டியை ஓட்டுகிற பாய் அதை அங்கே கொண்டுபோய் வைப்பார்.

என் பாக்கெட் நோட்டில் தினமும் காலை ஸ்கேல் வைத்துக் கோடு போடுவேன். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டமாகப் பத்துக் கட்டங்கள். கடைசியில் கட்டத்துக்குள் இருக்கும் பதினோராவது எண்ணை நாங்கள் எழுதுவதில்லை. நான் சேர்ந்த நாளில், "கட்டத்துக்குள்ள கீறது கப்பல்காரனுக்கு. நமக்கு பத்து போதும்" என்று சொன்னார்கள். பத்துப் போதுமாகத்தான் இருந்தது. யாரும் அதைப் பற்றி மறுபடி யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒரு ட்ரெய்லர் காலியாக வந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போக வேண்டிய பெட்டியைக் கேட்டது. எண் 417386, கட்டத்துக்குள் 5. கணினியில் தேடினால் அந்த எண்ணே இல்லை. பெட்டி எங்கள் யார்டுக்குள் வந்ததற்கு ட்ரெய்லர்காரர்களிடம் காகிதம் இருந்தது. பதினொரு நாளுக்கு முன், மதியம் என்று அதில் எழுதியிருந்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் பதினொரு நாளுக்கு முந்தைய பக்கத்தைப் பிரித்து மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தேன். 417386 இல்லை. முன்னும் பின்னும் மூன்று நாள் பார்த்தேன். இல்லை.

"இந்த எண் என் கைக்கு வரவே இல்ல சார்" என்றேன்.

அந்த வாக்கியம் எங்கே போய் விழும் என்று சொல்லும்போது நான் நினைக்கவில்லை. மதியம் நான் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் அந்தப் பெண்ணே வெளியே வந்து எண்ணைப் பார்த்துக்கொள்வார். என் நோட்டில் இல்லாத பெட்டி, மதியம் வந்த பெட்டி, அப்படியானால் அவர் கவனிக்காமல் உள்ளே விட்ட பெட்டி. மேனேஜர் அந்தக் கணக்கைப் போட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தேடினோம். தேடுவது என்றால் நடந்து பார்ப்பது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள், நான்கடுக்கு, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வரிசையின் ஓரத்தில் இருப்பவற்றின் எண் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பாய் ஸ்டாக்கரின் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். மாலையில் இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேஜாரா கீது மாமு. பொட்டி இன்னா மோதிரமா, சாக்கடைல உழுந்து போறதுக்கு? நாப்பது அடி நீளம்."

புதன்கிழமை மேனேஜர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அவர் ஒப்பந்தத்தில் இருப்பவர். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இந்த முறை அது அந்தச் சனிக்கிழமை வருகிறது. வியாசர்பாடியிலிருந்து இரண்டு வண்டி மாறி, ஆறு வருடமாக ஒருநாள்கூடத் தாமதமில்லாமல் வருகிறவர். என் நாட்குறிப்பிலேயே அதற்குச் சாட்சி உண்டு.

அறையிலிருந்து வெளியே வந்தவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னலுக்கு வெளியே நின்றேன்.

"சனிக்கெழமைக்குள்ள பொட்டி கெடைக்கலன்னா பேப்பர மேல அனுப்ப முடியாதாம்ணா. எப்டி வந்துச்சின்னு எழுதிக் குடுக்கணுமாம். இன்னா எழுதறது? நீங்க படிச்சதத்தான் நான் அடிக்கிறேன். நீங்க இல்லாதப்ப நானே பாத்து அடிக்கிறேன். எந்தப் பொட்டியையும் சொம்மா உள்ள உடலணா."

"தெரியும்மா" என்றேன்.

தெரியும் என்று சொன்னேனே தவிர, உள்ளுக்குள் நான் அவரைத்தான் சந்தேகித்தேன். என் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. அவர் தட்டும் வேகம் அதிகம். விரல் வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். இதை இங்கே எழுதாமல் விட்டால் மீதி எழுதியதற்கு அர்த்தமில்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டிருந்தது. கணினிக் கணக்குப்படி யார்டில் இருக்க வேண்டிய பெட்டிகளின் மொத்த எண்ணிக்கையும், பாய் ஓர் அடுக்கு விடாமல் எண்ணிச் சொன்ன எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட அதிகமில்லை. அப்படியானால் பெட்டி திருட்டுத்தனமாக உள்ளே வரவில்லை. கணினியில் ஏறித்தான் இருக்கிறது, வேறோர் எண்ணில். அந்த வேறு எண் சரியான எண்ணுக்கு நெருங்கிய உறவாகத்தான் இருக்கும். ஓர் எண் மாறியிருக்கும், அல்லது பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டும் இடம் மாறியிருக்கும். மனிதர்கள் செய்யும் தப்பு அவ்வளவுதான். இரண்டாயிரம் எண்களில் அதைக் கண்ணால் தேடினால் கண்தான் போகும். தேடச் சொல்லி ஒரு நிரலிடம் கொடுக்கலாம்.

அப்போதுதான் அந்தப் பெண்ணிடம் சிலிண்டர் கதையைச் சொன்னேன். அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.

"உங்க வூட்டு சிலிண்டர கண்டுபுடிச்ச மாதிரி என் பொட்டியையும் கண்டுபுடிச்சிடுவீங்களா?"

"சிலிண்டர்ல நான் தோத்துட்டேன்மா."

"பரவால்லணா. இத்துல தோக்காதீங்க."

மேனேஜரிடம் கேட்டு, யார்டில் இருக்கும் பெட்டிகளின் பட்டியலை வாங்கிக்கொண்டேன். அவர் தலையைப் பிடித்தபடி, "எடுத்துட்டுப் போங்க. ஜோசியம் பாக்கறதா இருந்தாலும் பாருங்க" என்றார்.

வியாழன் காலை நாலே முக்காலுக்கு உட்கார்ந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று முதலில் நோட்டில் தமிழில் எழுதினேன். தேடும் எண்ணையும் பட்டியலின் ஓர் எண்ணையும் மேலும் கீழுமாக வை. எத்தனை இடத்தில் மாறுகிறது என்று எண்ணு. ஓர் இடத்தில் மட்டும் என்றால் காட்டு. இரண்டு இடத்தில் என்றால், அவை அடுத்தடுத்த இடங்களா, இதிலுள்ளது அதிலும் அதிலுள்ளது இதிலுமாக இருக்கிறதா என்று பார், இருந்தால் காட்டு. இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போ. இந்த ஐந்தாறு வாக்கியங்களை இயந்திரத்துக்குப் புரியும்படி எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ஆறு மணிக்கு ஓட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. சிவப்பு எழுத்தும் இல்லை. விடையும் இல்லை. வெறும் திரை.

திட்டு வாங்கினால் எந்த வரியில் தப்பு என்று தெரியும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன செய்வது? மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே அமைதி. அதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது. 417386க்கு அருகில் எந்த எண்ணும் பட்டியலில் இல்லை. பெட்டி இல்லவே இல்லை. அந்தப் பெண் சனிக்கிழமை வெளியே போகிறார். அன்றைய நாட்குறிப்பில், "6.05. விடை இல்லை. காற்று கடலிலிருந்து. டிபன் இறங்கவில்லை" என்று இருக்கிறது.

கேட்டில் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது மணிக்கு முதல் ட்ரெய்லர் வந்தது. எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு சன்னலுக்கு வந்து படித்தேன். வழக்கமாகப் படித்தவுடன் திரும்பிவிடுவேன், அடுத்த வண்டி நிற்கும். அன்று திரும்பும் தெம்பு இல்லாமல் அங்கேயே நின்றேன். அவர் விரல்கள் பத்து எழுத்துகளைத் தட்டின. பிறகு வலது கைச் சுண்டுவிரல் கீழே போய்ப் பூஜ்ஜியத்தைத் தட்டியது. பிறகுதான் என்டர்.

"அது இன்னாம்மா கடைசியில?"

"எது?"

"சைபர் போட்டீங்களே."

"அதுவா? பதினோரு எழுத்து போடலன்னா கம்ப்யூட்டரு உடாதுணா. நீங்க பத்துதான படிப்பீங்க. அதான் ஒரு சைபரு. நான் வந்த நாள்லருந்து அப்டித்தான். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்டித்தான் போட்டாங்களாம்."

ஆறு வருடமாக இரண்டடி தூரத்தில் நின்று நான் அதைப் பார்த்ததில்லை. காலையில் பட்டியலின் இரண்டாயிரத்துச் சொச்சம் எண்களும் பூஜ்ஜியத்தில் முடிந்ததையும் பார்க்கவில்லை. பார்த்தேன், கண்ணில் படவில்லை. நான் தேடக் கொடுத்த எண் 5 என்று முடிகிறது. பட்டியலில் எல்லாம் 0 என்று முடிகின்றன. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் கடைசி இடத்தில் கூடுதலாக ஒரு மாற்றம். ஓர் இடம் மாறியது இரண்டாகும், இரண்டு மாறியது மூன்றாகும். நிரல் நான் சொன்னதை ஒழுங்காகச் செய்து, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டிருந்தது.

மதியம் வரை காத்திருந்தது அன்றைக்கு மிகக் கஷ்டமான வேலை. லேப்டாப்பை எதற்கும் இருக்கட்டும் என்று பையில் எடுத்துவந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கேட் அறையின் பிளக்கில் செருகினேன். பத்து எழுத்துகளை மட்டும் ஒப்பிடு என்று ஒரே ஒரு மாற்றம் செய்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார். ஓட்டினேன்.

மூன்று எண்கள் வந்தன. 417388. 417336. 413786.

"மூணு வந்துகீது!" என்றார். "இதுல எதுணா?"

அந்தக் கேள்விக்குப் பதில் என் சட்டைப் பையில் இருந்தது. பெட்டி வந்த நாளின் பக்கத்தைப் பிரித்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு, பத்துக் கட்டங்களில், அடித்தல் திருத்தல் இல்லாத என் கையெழுத்தில் 413786. நான் சாப்பிடப் போனது ஒன்று பத்துக்கு. திங்கட்கிழமை இதே பக்கத்தில்தான் விரல் வைத்து 417386ஐத் தேடினேன். விரல் இதன் மேலேயே போய்வந்திருக்கிறது.

உடனே அவரிடம் காட்டினேன் என்று எழுத ஆசைதான். காட்டவில்லை. நோட்டை மூடிப் பையில் போட்டேன். மற்ற இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம், 413786 என்று நிஜமாகவே ஒரு பெட்டி இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு பாயைத் தேடிப் போனேன்.

"இன்னா மாமு, மிஷினு குறி சொல்லிச்சாமே" என்றார் பாய் ஸ்டாக்கரின் மேலிருந்து.

"மூணு எடம் சொல்லுது பாய். பாத்துடலாமா?"

"மூணு எடம் சொன்னா அத்து குறியா? பஸ் ஸ்டாண்டுல கீற கிளி ஒரே சீட்டத்தான் எடுக்கும்." சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

417388 வரிசையின் ஓரத்திலேயே இருந்தது. எழுதிய எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்று. 417336 இரண்டாவது அடுக்கில். அதன் எண்ணும் சரி. பாய் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது இடம் கடல் பக்கத்துக் கடைசி வரிசை, நடுவில், அடியிலிருந்து இரண்டாவது. மேலே இரண்டு பெட்டிகள். முன்னால் நான்கு பெட்டிகள். அதை எடுக்க ஆறு பெட்டிகளை நகர்த்த வேண்டும்.

"கிளி சொல்லலன்னா நீ எனக்கு பிரியாணி" என்றார் பாய்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்தப் பெண் கேட்டை விட்டு வர முடியாது. தூரத்தில் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. நான் தூசியில் நின்று ஒவ்வொரு பெட்டியும் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெட்டியாக இருக்க வேண்டும் என்றும் வேண்டினேன், இதுவாக இருந்தால் தப்பு என்னுடையது என்றும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பது சுலபமில்லை.

ஆறாவது பெட்டி நகர்ந்ததும் பாய் வண்டியை நிறுத்தினார். மேலிருந்து குனிந்து பார்த்தார்.

"நாலு… ஒண்ணு… ஏழு… மூணு… எட்டு… ஆறு. டப்பாக்குள்ள அஞ்சு." பிறகு யார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "யக்கா! பொட்டி கீது! கெடைச்சிடுச்சி!"

சன்னலில் இருந்த கை கம்பியை விட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் இருந்த பெட்டியின் மீது கை வைத்துக்கொண்டேன், சுட்டது. கை எடுக்கவில்லை. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. தப்பு யாருடையது என்பது அந்த நிமிடத்தில் ஒரு பொருட்டாகவே இல்லை. பெட்டி இருக்கிறது, அவருக்கு வேலை இருக்கிறது. மற்றது நடந்து போய்ச் சொல்லக்கூடிய தூரத்தில்தான் இருந்தது. கேட்டிலிருந்து மேனேஜர் அறைக்கு நூற்று நாற்பது அடி.

முதலில் கேட் அறைக்குத்தான் போனேன். நோட்டைப் பிரித்து அவர் முன் வைத்தேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார்.

"இத்து நீங்க எழுதினதா?"

"நான்தான்மா. மூணையும் ஏழையும் மாத்தி எழுதிட்டேன். நீங்க நான் படிச்சதத்தான் அடிச்சிருக்கீங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முத்து முத்தாத்தான் எழுதிகீறீங்க" என்றார் கடைசியில். "தப்பக்கூட எவ்ளோ அழகா எழுதிகீறீங்க பாருங்க. அடிச்சி கிடிச்சி எழுதிருந்தா அன்னிக்கே சந்தேகம் வந்திருக்கும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போய் அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

மேனேஜர் நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "நீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். திங்கட்கிழமை நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எழுதிக் கொடுக்க வேண்டிய விளக்கத்தை நான் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "பெட்டி கிடைச்சுதே, அதைச் சொல்லுங்க" என்றார். ஆனாலும் விளக்கத்தை வாங்கிக்கொண்டார். அது நியாயம்தான். சனிக்கிழமை பதினொன்றரைக்கு அந்தப் பெண் புதுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா என்னுடையது.

பெட்டி கிடைத்த அன்று மாலை வீட்டுக்கு வந்து, அது யார்டுக்கு வந்த நாளின் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். தலைவலி, சண்டை, கெட்ட செய்தி, ஏதாவது ஒரு காரணம் இருக்கும் என்று தேடினேன். "5.10. தெற்குக் காற்று. தண்ணீர் வந்தது. டோல்கேட்டில் வண்டி உடனே. மதியம் புளிசாதம்." அவ்வளவுதான். சாதாரண நாள். சாதாரண நாளில் காரணமே இல்லாமல் என் கை எண்ணை மாற்றி எழுதும் என்று எனக்கு ஐம்பதாவது வயதில்தான் தெரிந்தது. மனைவியிடம் சொன்னேன்.

"இதுக்கா மூணு நாளா சரியா துன்னாம கெடந்தீங்க?" என்றாள். "நான் ரசத்துக்கு உப்பு போட மறந்தா ஒரு வாய் துன்னதும் சொல்றீங்க இல்ல? அது மாதிரி சொல்றதுக்கு ஆள் வேணும்."

அப்படிச் சொல்வதற்கு ஆள் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. கட்டத்துக்குள் இருக்கும் அந்தப் பதினோராவது எண் எதற்கு என்று அடுத்த நாள் காலைப் பாடத்தில் தேடிப் படித்தேன். அது தனி எண் இல்லை. முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் வரும் விடை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெருக்கல், கூட்டி, பதினொன்றால் வகுத்தால் மீதி. பத்தில் ஒன்று பிசகினாலும் விடை கட்டத்துக்குள் இருப்பதோடு ஒத்துப்போகாது. கப்பல்காரனுக்கு என்று நாங்கள் ஒதுக்கிவைத்தது, எங்களைப் போன்றவர்களுக்காகவே பெட்டியின் மேல் எழுதிவைத்தது.

அதற்கு ஒரு நிரல் எழுதினேன். முதல் நாள் அது நான் கொடுத்த பெட்டி எண்கள் எல்லாமே தப்பு என்றது. எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுக்கும்போது பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்து மூன்று ஆகியவற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்பதை நான் படிக்காமல் விட்டிருந்தேன். திருத்தியதும் ஒவ்வொன்றாக ஒத்துப்போயின. 417386க்கு 5 வந்தது. நான் எழுதிய 413786க்கு 8 வந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கே சன்னலில் அது சொல்லியிருக்கும், ட்ரெய்லர் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே.

மேனேஜர் அனுமதி கொடுத்து, இப்போது அது கேட் அறைக் கணினியில் ஒரு சின்னச் சன்னலாகத் திறந்திருக்கிறது. அந்தப் பெண் பூஜ்ஜியம் போடுவதில்லை. என் நோட்டில் பதினொரு கட்டம் போடுகிறேன். பக்கத்தில் இடம் போதவில்லை, அதனால் ஓரத்தில் விட்டுவந்த விளிம்பை எடுத்துவிட்டேன். பாய்க்குப் பிரியாணி கிடையாது என்று ஆயிற்று, பந்தயத்தில் தோற்றது அவர்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை வாங்கிக் கொடுத்தேன்.

நேற்றுக் காலை ஒன்பது நாற்பதுக்கு ஒரு பெட்டியின் எண்ணை எழுதி, சன்னலுக்குப் போய்ப் பதினொன்றையும் படித்தேன். திரையில் சிவப்பு வந்தது.

"யண்ணா, ஒத்துக்கல. இன்னொரு தபா பாருங்க" என்றார் திரும்பாமலே.

ட்ரெய்லர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஆறு என்று எழுதியிருந்த இடத்தில் பெட்டியில் எட்டு இருந்தது. நோட்டில் ஆறின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எட்டு என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் அடித்தல். மற்றபடி நேற்று காற்று தெற்கு. டிபன் இட்லி, இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.